படுதாவுக்குப் பின்னால் ஒரு வயலின்

மதுரைப் பக்கம் ‘ஆர்கெஸ்ட்ரா’ என்று சொன்னால், கறுப்புக் கோட்டு போட்ட நூறு பேர் உட்கார்ந்திருக்கும் மேடை யாருக்கும் நினைவுக்கு வராது. ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், தபேலா, கிட்டார், இரண்டு பாடகர்கள், ஸ்பீக்கர் பெட்டிகளோடு ஒரு மினி வேன். முளைப்பாரி முடிந்த ராத்திரி ஊர் மந்தையில் மேடை போட்டிருப்பார்கள். இந்தக் குழுவுக்கு ஆள் எடுக்கிற முறையும் எளிது. “அண்ணே, வெள்ளிக்கிழமை மேலூர்ப் பக்கம் ஒரு புரோகிராம். பேட் வாசிக்கிற தம்பிக்குக் காய்ச்சல். வர்றீங்களா?” அவ்வளவுதான் இண்டர்வியூ. போனை வைக்கும்போது வேலை கிடைத்திருக்கும்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. பண்ணைப்புரம் இன்றைக்குத் தேனி மாவட்டமாக இருந்தாலும் பழைய மதுரை மாவட்டத்து ஊர்தான். அதனால் இங்கே டீக்கடை வரைக்கும் அந்தப் பேச்சு ஓடியது. அந்தச் சமயத்தில் பசுமலைப் பக்கம் வயலின் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு பையன் என்னிடம் கேட்டான்: “சார், அங்க உட்காந்து வாசிச்சாங்களே, அவங்களையெல்லாம் யாரு செலக்ட் பண்ணது?” நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

முதலில், அது ஒரு வேலை. பல நாடுகளில் அது கச்சேரிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிற விஷயமல்ல. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பெரிய குழுக்களில் மாதச் சம்பளம், ஓய்வூதியம், தொழிற்சங்கம் எல்லாம் உண்டு. நாற்காலிகளின் எண்ணிக்கை கணக்கானது. ஒருவர் ஓய்வு பெற்றாலோ வேறு ஊருக்குப் போனாலோதான் ஓர் இடம் காலியாகும். டியூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகருவி வாசிப்பவர் ஒரு குழுவுக்கு ஒருவர்தான். அவர் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தால் அந்த ஊரில் முப்பது வருஷத்துக்கு டியூபா வேலையே கிடையாது. நல்ல குழுவில் ஓர் இடம் காலியானால் நூறு, இருநூறு பேர் விண்ணப்பிப்பது சாதாரணம். ரயில், விமானம், ஓட்டல் எல்லாம் பெரும்பாலும் அவரவர் காசு. வயலினைவிடப் பல மடங்கு பெரிய செல்லோவை வாசிப்பவர் விமானத்தில் தனக்கு ஒரு டிக்கெட், செல்லோவுக்கு ஒரு டிக்கெட் என்று இரண்டு வாங்கிக்கொண்டு போகிறார். அங்கே போய் வாசிக்கப்போவதோ முதல் சுற்றில் ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து.

அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்பது சில வாரங்களுக்கு முன்பே பட்டியலாக வந்துவிடும். எல்லோருக்கும் ஒரே பட்டியல். ஒரு கான்சர்ட்டோவின், அதாவது தனி வாத்தியத்தை முன்னிறுத்தும் படைப்பின், ஆரம்பம், பெரும்பாலும் மொசார்ட். அப்புறம் பல சிம்பொனிகளிலிருந்து எடுத்த சின்னச் சின்னத் துணுக்குகள். வயலின் என்றால் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘டான் ஹுவான்’ முதல் பக்கம் அனேகமாக வந்தே தீரும். புல்லாங்குழலுக்கு மெண்டல்சனின் ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ ஸ்கெர்ட்ஸோ. மூச்சு எடுக்க இடமே கொடுக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் பகுதி அது. சிறிய பக்கமேளக் கருவியான ஸ்னேர் டிரம்முக்கு ரவேலின் ‘பொலேரோ’. மேடையில் முழுதாக வாசிக்கும்போது இரண்டே தாளச் சுற்றுகள் கொண்ட ஒரு சொற்கட்டைக் கால் மணி நேரத்துக்குத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டிய படைப்பு அது, காதில் விழுமா விழாதா என்கிற மெல்லிய ஒலியில் தொடங்கி. நம் ஊர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படும். இதில் கற்பனை எங்கே, தனி ஆவர்த்தனம் எங்கே? இல்லை. அங்கே தேடுவது அதையல்ல. நூறு பேர் சேர்ந்து வாசிக்கிற ஒன்றில் தன் பங்கை மட்டும் தனியாக எடுத்து வாசிக்கும்போது, மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் இவர் தலைக்குள் ஒலிக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். காலப்பிரமாணம் ஓர் இழை முன்னே ஓடினாலும் தெரிந்துவிடும். சுருதியும் அப்படித்தான். மிருதங்கக்காரரிடம் பாட்டு இல்லாமல் வெறும் சர்வலகு மட்டும் வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பது போல.

இனி அந்த நாள். வரிசை எண்ணைச் சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். அதற்கு மேல் அவருக்குப் பெயர் கிடையாது, 27 என்றால் 27தான். வாசித்துப் பழக ஒரு அறை. முறை வரும்போது ஓர் உதவியாளர் வந்து கூட்டிக்கொண்டு போவார். மேடையில் கம்பளம் விரித்திருப்பார்கள், நடக்கிற சத்தம் கேட்காமலிருக்க. மேடைக்கும் அரங்கத்துக்கும் நடுவில் பெரிய படுதா தொங்கும். படுதாவுக்கு அந்தப் பக்கம் தேர்வுக்குழு, அதே ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் ஏழெட்டுப் பேர். இந்தப் பக்கம் 27. வாய் திறக்கக் கூடாது. “இந்தத் துணுக்கை மறுபடி ஆரம்பிக்கலாமா?” என்று கேட்க வேண்டுமென்றால்கூட உதவியாளர் காதில் மெல்லச் சொல்ல வேண்டும், அவர்தான் சத்தமாகக் கேட்பார். குரலைக் கேட்டால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுமே.

கம்பளம் வேலை செய்யாத இடத்தில் இன்னொரு உபாயம் உண்டு. குதிகால் செருப்புச் சத்தத்தை வைத்து உள்ளே வருவது பெண் என்று கண்டுபிடித்துவிடக் கூடும் என்பதால், செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள். அப்படியானால் சத்தமே இல்லாமல் வருபவர் பெண் என்று ஆகிவிடாதா? அதற்காக நிர்வாகி ஒருவர் ஷூ போட்ட காலோடு கூடவே ‘டக் டக்’ என்று நடந்து வந்து கணக்கைச் சரிக்கட்டிய கதையும் உண்டு. நியாயமாக நடந்துகொள்வது எவ்வளவு சின்னச் சின்ன வேலைகளால் ஆனது என்பதை எனக்கு இந்தப் பொய் நடை ஒன்றே புரியவைத்தது.

வாசித்து முடித்ததும் ஒரு “நன்றி”. பாதியிலேயேகூட வரலாம். அதற்குப் பிறகு காத்திருப்பு. முதல் சுற்றில் பெரும்பாலானவர்கள் வெளியே போய்விடுவார்கள். அரையிறுதி, இறுதி என்று போய்க் கடைசியில் மூன்று நான்கு பேர் மிஞ்சும்போது குழுவின் தலைமை இசை நடத்துநரும் வந்து உட்காருவார். இவ்வளவும் முடிந்த பிறகு “யாரையும் எடுக்கவில்லை” என்று அறிவிப்பதும் அடிக்கடி நடக்கிறது. இருநூறு பேரில் ஒருவருமா தேறவில்லை என்று நமக்குக் கோபம் வரும். தவறான ஆளை முப்பது வருஷம் பக்கத்தில் வைத்துக்கொள்வதைவிட ஆறு மாதம் கழித்து இன்னொரு ஆடிஷன் வைப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு.

இதெல்லாம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. முன்பெல்லாம் நம் மேலூர் போன் கால் முறைதான், கொஞ்சம் ஆடம்பரமாக. இசை நடத்துநர் தனக்குத் தெரிந்தவர்களை அழைப்பார். முதல் வயலின்காரர் தன் மாணவனைக் கைகாட்டுவார். சீடன் குருவின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருவான். பாஸ்டன் சிம்பொனி 1952இல் முதல் சுற்றுகளுக்குத் திரை கட்டத் தொடங்கியது. மற்ற அமெரிக்கக் குழுக்கள் பலவும் 1970களிலும் 80களிலும்தான் பின்தொடர்ந்தன. அமெரிக்காவின் முதல் ஐந்து குழுக்களில் 1970 வாக்கில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் பெண்கள் இல்லை. 1997இல் நான்கில் ஒருவர் பெண். நியூயார்க் பில்ஹார்மானிக்கில் 2022இல் 45 பெண்களும் 44 ஆண்களும் இருந்தார்கள்.

திரைதான் இதைச் செய்ததா? கிளாடியா கோல்டின், செசிலியா ரவுஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பழைய ஆடிஷன் பதிவேடுகளைத் தோண்டி எடுத்து 2000இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். திரை இருந்தால் முதல் சுற்றைத் தாண்டும் வாய்ப்பு பெண்களுக்கு ஒன்றரை மடங்காகிறது என்று அது சொன்னது. கோல்டினுக்கு 2023இல் பொருளியல் நோபல் பரிசும் கிடைத்தது. பெண்களின் உழைப்புச் சந்தை பற்றிய மொத்தப் பணிக்காக. உலகம் முழுவதும் நிர்வாக வகுப்புகளில் இந்த ஒன்றரை மடங்கு ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் கட்டுரையை முழுதாகப் படித்தவர்கள் வேறு சிலதையும் பார்த்தார்கள். அரையிறுதிச் சுற்றில் முடிவு தலைகீழாக இருக்கிறது, அங்கே திரை பெண்களுக்குப் பாதகமாகத் தெரிகிறது. எண்ணிக்கையும் சிறியது, பிழைக்கான இடைவெளி பெரியது. 2019 வாக்கில் புள்ளியியலாளர்கள் இதை வெளிப்படையாகவே விமர்சித்தார்கள். அதே காலத்தில் இசைப் பள்ளிகளில் படிக்கும் பெண்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருந்ததை மறந்துவிடக் கூடாது. என் கணிப்பில், திரை உதவியது என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு உதவியது என்று தசம புள்ளியோடு சொல்கிறவர்களை மட்டும் நம்ப வேண்டாம்.

எண்களைவிட ஒரு சம்பவம் இதைத் தெளிவாகச் சொல்லும். 1980இல் ஜெர்மனியின் மியூனிக் பில்ஹார்மானிக்கில் ட்ரம்போன் என்கிற பித்தளை ஊதுகருவி இடத்துக்கு ஆடிஷன். அமெரிக்கப் பெண் ஆபி கோனன்ட்டுக்கு வந்த அழைப்புக் கடிதத்தில் ‘ஹெர் ஆபி கோனன்ட்’ என்று இருந்தது. ஹெர் என்றால் ஜெர்மனில் திருவாளர். வந்தவர் 33 பேர், இவர் 16ஆவது. அன்றைக்குத் திரை கட்டியதற்குக் காரணம் பெண்களல்ல: வேட்பாளர்களில் ஒருவர் அந்த ஊர் இசைக்காரர்களுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை, அதனால் சங்கடம் வேண்டாம் என்று கட்டினார்கள். 16ஆவது ஆள் வாசித்து முடித்ததும் குழுவுக்குத் தீர்மானமாகிவிட்டது, மீதி 17 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வெளியே வந்ததும்தான் எல்லோருக்கும் திகைப்பு. வேலை கொடுத்தார்கள். ஆனால் அடுத்த ஓரிரு வருஷத்தில் முதல் ட்ரம்போனிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினார்கள். ட்ரம்போன் வாசிக்கத் தேவையான உடல் பலம் இல்லையாம். அவர் கோர்ட்டுக்குப் போனார். நுரையீரலின் கொள்ளளவை மருத்துவர்கள் அளந்து பார்க்கிற அளவுக்கு வழக்கு நீண்டது. ஜெயித்தார், பல வருஷம் கழித்து. பத்து நிமிஷம் அவர் பெண் என்பதைப் படுதா மறைத்தது. அடுத்த பத்து வருஷத்துக்கு அங்கே படுதா இல்லை.

சரி, கண்ணை மறைத்தாகிவிட்டது. இன்னொரு தொல்லை இருக்கிறது. அதை மதுரைக்காரர்கள் வெள்ளைக்காரர்களுக்கு வெகு காலம் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். திருவிளையாடற் புராணத்தில் இசைவாது வென்ற படலம் என்று ஒன்று உண்டு. விறகு விற்ற கதையில் வரும் அதே பாணபத்திரரின் மனைவிக்கும், ஈழத்திலிருந்து வரவழைத்த ஒரு பாடினிக்கும் பாண்டியன் சபையில் பாட்டுப் போட்டி. அரசனின் ஆசைநாயகிக்குப் பத்திரர் மனைவி மேல் பொறாமை, அவளுடைய தூண்டுதலால்தான் ஈழத்துப் பாடினி வந்ததே. இரண்டு பேரும் பாடுகிறார்கள். அரசன் ஈழத்தாளைப் புகழ்கிறான். உடனே சபையில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே புகழ்கிறார்கள். பத்திரர் மனைவிக்கு விஷயம் புரிந்துவிடுகிறது: அரசன் எது சொன்னாலும் இவர்கள் அதையேதான் சொல்வார்கள், வேறிடத்தில் தீர்ப்பு வேண்டும். போட்டி சோமசுந்தரர் சந்நிதிக்கு மாறுகிறது. அங்கேதான் நியாயம் கிடைக்கிறது, அதற்கு ஆண்டவனே ஒரு வித்துவானாக வந்து உட்கார வேண்டியிருந்தது.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது அரசன்தான் வில்லன் என்று நினைத்தேன். இப்போது அந்தச் சபையோரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசன் தலையாட்டியதும் அவர்கள் காதுக்கே ஈழத்துப் பாட்டு இனிமையாகக் கேட்டிருக்கும்.

எனக்கே நடந்திருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு பாட்டுப் போட்டியில் மூன்று நடுவர்களில் ஒருவனாக உட்கார வைத்தார்கள். நடுவில் இருந்தவர் பெரியவர், நாற்பது வருஷம் பாட்டு சொல்லிக் கொடுத்தவர். ஒரு பெண் குழந்தை மோகனத்தில் ஒரு கீர்த்தனை பாடியது. எனக்குப் பிடித்திருந்தது, மார்க் தாளில் பென்சிலால் 8 என்று எழுதினேன். பாட்டு முடிந்ததும் பெரியவர் உதட்டை லேசாகப் பிதுக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் 8ஐ அழித்துவிட்டு 6 போட்டேன். அழிக்கும்போது எனக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது: மேல்ஸ்தாயி காந்தாரத்தில் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டதாக. உண்மையிலேயே இறங்கியதா? இன்றுவரை தெரியாது.

ஆடிஷன்களில் இதற்கு மருந்து, ரகசிய வாக்கு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சீட்டில் ஆம் அல்லது இல்லை என்று எழுதி மடித்துக் கொடுத்துவிட வேண்டும். வாக்கை எண்ணுவதற்கு முன் பேச்சு கூடாது என்று விதி வைத்திருக்கும் குழுக்கள் உண்டு. முதல் சுற்றுகளில் இசை நடத்துநர் பெரும்பாலும் வராததற்கு அவருடைய நேரம் மட்டும் காரணமல்ல, அவர் முகமும்தான் காரணம் என்று நினைக்கிறேன். திரையைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். இந்த மடித்த சீட்டைப் பற்றி எழுதுவாரில்லை. பார்க்க அழகாக இல்லை, அதனால்.

நம்மிடமும் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. வானொலி நிலையத்தில் கலைஞராகப் பதிவு செய்ய ஆடிஷன் கொடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாடுகிறவர் ஸ்டுடியோவுக்குள், கேட்கிறவர்கள் வேறு அறையில், நடுவில் ஸ்பீக்கர் மட்டும். பெயருக்குப் பதில் எண். பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று தரம் கிடைக்கும். இந்த முறை வந்த 1950களில் பெரிய வித்துவான்கள் பலருக்கு இது அவமானமாகத்தான் இருந்தது: குருகுலத்தில் இருபது வருஷம் இருந்தவனை எண் போட்டுக் கூப்பிடுவதா? எங்கள் மரபில் குருவின் பெயரே அறிமுகக் கடிதம். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் குருவின் பெயர் இல்லாதவனுக்கு அந்த எண்தான் வாசல்.

மறுபடி மேற்கே போவோம். படுதா எதுவரைக்கும் தொங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா கடைசிச் சுற்று வரை எடுப்பதில்லை. பல குழுக்கள் இறுதிச் சுற்றில் எடுத்துவிடுகின்றன, ஆளைப் பார்க்க வேண்டும் என்று. வேலை கிடைத்த பிறகும் ஒன்றிரண்டு வருஷம் சோதனைக் காலம். பிரிட்டனில் திரைக்கு அவ்வளவு மரியாதை இல்லை. ஆடிஷனில் பிடித்தவர்களைப் பல வாரங்கள் குழுவோடு உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார்கள், சில நேரம் ஒரே இடத்துக்கு நான்கைந்து பேரை மாற்றி மாற்றி. ‘டிரையல்’ என்பார்கள். இது மாதக்கணக்கில் இழுக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் மூச்சு விடுவதைக் கேட்டு வில்லை இறக்குகிறாரா, தவறு செய்தால் முகத்தில் காட்டுகிறாரா என்பதெல்லாம் திரைக்குப் பின்னால் தெரியாதுதான். அதை மறுக்க முடியாது.

ஆனால் ‘நம்மோடு ஒத்துப்போகிறாரா’ என்கிற கேள்விக்குள் எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம். பெர்லின் பில்ஹார்மானிக் தன்னைத் தானே ஆளும் குழு, புது ஆளை உறுப்பினர்களே வாக்களித்துச் சேர்ப்பார்கள். 1882இல் தொடங்கிய அந்தக் குழுவுக்குள் முதல் பெண்ணாக வயலின்காரர் மாதலென் கருஸோ நுழைந்தது 1982இல். அதே சமயத்தில் கிளாரினெட் வாசிக்கும் சபீனா மாயரைச் சேர்க்க வேண்டுமென்று நடத்துநர் கராயான் பிடிவாதமாக நின்றார். குழு வாக்களித்தது: எதிராக 73, ஆதரவாக 4. அவருடைய நாதம் மற்றவர்களோடு கலக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பெண் என்பதால்தான் என்று வெளியே பேசிக்கொண்டார்கள், அரசன் திணிக்கிறான் என்கிற கோபம்தான் என்றும் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச காலம் வாசித்துவிட்டு மாயர் விலகி, தனிக் கலைஞராகப் பெரும்புகழ் பெற்றார். வியன்னா பில்ஹார்மானிக் இன்னும் தாமதம். பல ஆண்டுகளாகத் தங்களோடு வாசித்துக்கொண்டிருந்த ஹார்ப் கலைஞர் அன்னா லெல்கஸை 1997இல்தான் உறுப்பினர் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

திரையால் முடியாத இன்னொன்று, வாசலுக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்பது. 1969இல் ஆர்ட் டேவிஸ், எர்ல் மாடிசன் என்ற இரண்டு கறுப்பின இசைக்கலைஞர்கள் நியூயார்க் பில்ஹார்மானிக் மேல் நகரின் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். நிரந்தர இடங்களுக்கான தேர்வில் பாகுபாடு நிரூபணமாகவில்லை என்றது ஆணையம். ஆனால் மாற்று ஆட்களை, அதாவது ஒருவர் லீவு போட்டால் அன்றைக்கு வந்து வாசிப்பவர்களை, எடுப்பதில் பாகுபாடு இருந்தது என்று கண்டது. ஏனென்றால் அதற்கு ஆடிஷனே இல்லை, போன் கால்தான். ஒருவர் தனக்குத் தெரிந்த இன்னொருவரைச் சொல்லி, அவர் தன் மாணவரைச் சொல்லி. காய்ச்சல் வந்த பேட் தம்பிக்குப் பதிலாக அண்ணனைக் கூப்பிடுகிற அதே வழி. மந்தை மேடையில் அதனால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, அங்கேயோ அந்த மாற்று நாற்காலிதான் நிரந்தர நாற்காலிக்கு ஏணி.

அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் கறுப்பின இசைக்கலைஞர்கள் 2014 கணக்கில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இதை வைத்து, திரையையே எடுத்துவிட வேண்டும் என்று 2020இல் நியூயார்க் டைம்ஸின் இசை விமர்சகர் ஆண்டனி டொமாசினி எழுதினார். பெரிய சண்டை. எனக்கு அதில் உடன்பாடில்லை. படுதாவை எடுத்தால் ஐந்து வயதில் வயலின் கைக்கு வராத பிள்ளைக்கு வயலின் வந்துவிடாது. மறுபடி தெரிந்த முகத்துக்குத்தான் வசதியாகும். வாத்தியம், ஆசிரியர், விமானச் செலவு என்று முன்னாலேயே கைகொடுக்க வேண்டிய காரியம் அது. பசுமலைப் பையனிடமும் இதைத்தான் சொன்னேன். அவனை அந்தப் படுதா ஒன்றும் தடுக்காது. படுதா வரைக்கும் போய்ச் சேருவதற்குத்தான் மும்பையில் உள்ள சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா போன்ற இடங்களையும் இசையை எழுதி வைக்கும் நொட்டேஷனைப் படிக்கிற பழக்கத்தையும் இப்போதிருந்தே தேட வேண்டும்.

அந்தப் பள்ளிப் போட்டிக்கு மறு வருஷமும் கூப்பிட்டார்கள். இரண்டு நிபந்தனை வைத்தேன்: மேடையில் திரை, நடுவர்கள் பேசாமல் மடித்துப் போடச் சீட்டும் பெட்டியும். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். மண்டபத்துக்காரர் இரண்டு எட்டு முழ வேட்டிகளைக் கொடிக்கயிற்றில் போட்டுக் கட்டினார். முதல் பத்துப் பிள்ளைகள் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. 11ஆம் எண் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போகும்போது மேடையின் ஓரத்திலிருந்து ஒரு அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது: “தம்பி, சுருதிய நல்லாக் கேட்டுட்டு எடு!” அந்த அம்மாவும் பாட்டு வாத்தியார்தான். குரல் யாருடையது என்று மூன்று நடுவர்களுக்கும் தெரியும். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். பையன் பாடி முடித்ததும் சீட்டில் 8 என்று எழுதி, ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடித்துப் பெட்டியில் போட்டேன்.